மடற்றிறமும் இன்றைய சட்டமும்

சங்கப் பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் மடலேறுதலை ஒருமுறையேனும் மாணவர்க்கு விளக்கியிருப்பர். விரும்பிய பெண்ணைப் பெற இயலாத தலைவன், பனைமடலால் செய்த குதிரையின்மேல் ஏறுவான். எருக்கம்பூவும் ஆவிரம்பூவும் பூளையும் சூடிக்கொள்வான். ஊர்த்தெருவில் அவன் வரும்போது ஊரார் கூடி ஆரவாரிப்பர். அவன் கையில் கிழி என்னும் துணி இருக்கும். அதில் அவன் உருவமும் அவன் விரும்பிய பெண்ணின் உருவமும் எழுதப்பட்டிருக்கும் என்பது பிற்கால நூல்களால் விளங்கும் செய்தி. தன் நிலைக்குக் காரணமானவள் இன்னாள் என்பதை அவன் ஊரறியச் செய்வான். பழிக்கு அஞ்சிய சுற்றத்தார் அவளை அவனுக்கே மணம் செய்து கொடுப்பர். இவ்வளவையும் 'பழந்தமிழரின் சுவையான வழக்கம்' என்று சொல்லிச் சொற்பொருள் தந்து, அடுத்த பாடலுக்குச் சென்றுவிடுவது நம் வகுப்பறைகளின் இயல்பு.

அந்த இடத்திலேயே சற்று நின்று பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. சிங்கப்பூரின் குற்றவியல் தண்டனைச் சட்டத்தில் 2020 ஜனவரி 1 முதல் 377பிஇ என்னும் பிரிவு நடைமுறையில் உள்ளது. ஒருவருடைய அந்தரங்கப் படத்தை அவர் இசைவின்றிப் பிறருக்குப் பரப்புவதும், பரப்புவேன் என்று மிரட்டுவதும் அப்பிரிவின்படி குற்றம். 5 ஆண்டுவரை சிறை, அபராதம், பிரம்படி ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ தண்டனையாக விதிக்கப்படலாம். மடற்கிழி அந்தரங்கப் படம் அன்று. அதனை இச்சட்டத்தின்கீழ்க் கொண்டுவருவார் எவரும் இலர். ஆயினும் செயலின் அமைப்பில் இரண்டும் ஒன்றே. பெண்ணின் உருவம் ஒருவன் கையில் இருக்கிறது; அதைத் தெருவில் காட்டுவேன் என்கிறான்; காட்டாதிருக்க ஒரு விலை கேட்கிறான். இந்த ஒப்புமையை மனத்திற்கொண்டு நம் இலக்கியத்தையும் இன்றைய சட்டத்தையும் ஒருங்கே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கணம் வகுத்த எல்லை

மடலைப் பற்றித் தொல்காப்பியர் இரண்டு இடங்களில் கூறும் கருத்துகள் ஈண்டு நோக்கத்தக்கன. களவியலில், தலைவன் மடல்மா ஏறுவதாகச் சொல்லும் இடமும் உண்டு என்கிறார். அகத்திணையியலிலோ, ஏறிய மடலைப் பெருந்திணைக் குறிப்புகளுள் ஒன்றாக வைக்கிறார். ஏறுவேன் என்று கூறுதல் அன்பின் ஐந்திணைக்குள் அடங்கும். உண்மையில் ஏறிவிட்டால் அது பொருந்தாக் காமமாகிய பெருந்திணையின்பாற் படும் என்று உரையாசிரியர் விளக்குவர். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே இலக்கணம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. அக்கோட்டின் இப்புறத்தே இருக்கும்வரை தலைவனின் சொல் காதலின் மிகுதியைக் காட்டும் உத்தியாகவே கொள்ளப்பட்டது. பேரெயின் முறுவலார் குறுந்தொகையில் பாடியதும் இந்நிலையையே. மடற்பாடலால் புகழ்பெற்று 'மடல் பாடிய மாதங்கீரனார்' என்றே பெயர் பெற்ற புலவரும் உண்டு எனின், இத்துறை அக்காலத்தார் உள்ளத்தை எவ்வளவு கவர்ந்தது என்பது விளங்கும்.

ஆனால் அச்சொல் யாரை அச்சுறுத்துகிறது என்ற வினாவை இலக்கணம் எழுப்பவில்லை. மடற்பாடல்களில் பேசுவோர் பெரும்பாலும் தலைவனும் தோழியுமே. தலைவி எங்கோ உள்ளே இருக்கிறாள். தன் உருவம் தெருவுக்கு வரப்போகிறது என்பது அவளுக்குத் தெரியுமா, தெரிந்தால் என்ன எண்ணுவாள் என்பதைக் கேட்பார் இல்லை. அவளும் அவனை விரும்புகிறாள் என்னும் மரபு அவ்வினாவை எழாமலே அடக்கிவிடுகிறது.

புலவர்கள் இதனை உணராதிருந்தனர் என்று சொல்லுவதற்கில்லை. கலித்தொகையில் நல்லந்துவனார் பாடிய நெய்தற்கலியுள் மடலேறியவன் வெற்றி பெறும் பாட்டு ஒன்று உண்டு. தெருவில் அவன் பாடக் கேட்ட சுற்றத்தார் அஞ்சிப் பெண்ணைக் கொடுத்துவிடுகின்றனர். அக்கொடைக்குப் புலவர் தேர்ந்தெடுத்த உவமையைக் காண்க: பாண்டியனுக்கு அஞ்சிய பகைவர் திறை செலுத்தியதுபோல் கொடுத்தனர் என்கிறார். மணவிழாவின் மங்கலம் அவ்வுவமையில் இல்லை. போரில் தோற்றவன் அச்சத்தால் தரும் பொருளே திறை. காதல் வென்றதாகத் தலைவன் மகிழும் இடத்திலேயே, நடந்தது வன்பறிப்பு என்பதைப் புலவரின் உவமை காட்டிவிடுகிறது. இவ்வுவமையை நாம் எத்தனை வகுப்புகளில் எடுத்துக்காட்டியிருப்போம்?

தோழியின் மறுப்பு

மாணிக்கவாசகர் அருளிய திருக்கோவையாரில் மடற்றிறம் ஒரு தனிப்பகுதியாகவே அமைந்துள்ளது. தன்னையும் தலைவியையும் ஒரு கிழியில் எழுதிக் கையிற்கொண்டு, அவர்கள் சிற்றூரின் தெருவிடையே வருவதாகத் தலைவன் தோழியிடம் கூறுகிறான். இன்றைய மிரட்டலுக்கு இதைவிடத் தெளிவான முன்வடிவம் தமிழில் காண்பது அரிது. ஆனால் அப்பகுதியின் சிறப்பு அவன் சொல்லில் இல்லை. தோழி அவனை விலக்கும் முறையில் இருக்கிறது.

அருளுடையவர் மடல் ஏறுதல் அரிது என்று முதலில் விலக்குகிறாள். அடுத்து, தலைவியின் மொழியையும் நடையையும் எழுத முடியாது என்று விலக்குகிறாள். பின்னர், அவள் உறுப்புகளை எழுதுதலும் அரிது என்கிறாள். இவற்றுள் இரண்டாவது மறுப்பு ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. உரையாசிரியர் இதனைத் தலைவியின் அழகை மிகுத்துக் கூறும் நயமாகக் கொள்வர். அந்நயத்தோடு இன்னொரு பொருளும் கொள்ள இடமுண்டு. படம் வடிவத்தை மட்டும் கொள்ளும். அவள் சொல்லைக் கொள்ளாது. அவளைத் தெருவுக்குக் கொண்டுவந்ததாக நீ எண்ணினாலும், அங்கே பேசுவது நீதான், அவள் அல்லள். தோழியின் இந்த மறுப்பே இசைவு என்னும் கருத்துக்குத் தமிழில் மிக அணுக்கமாக வரும் இடம் என்பது என் துணிபு.

மடலேறுவோனுக்கும் இன்று படம் பரப்புவோனுக்கும் ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. திருவள்ளுவர் மடலைப் பேசும் அதிகாரத்திற்கு நாணுத்துறவுரைத்தல் என்று பெயர். மடலேறுவோன் முதலில் துறப்பது தன் நாணத்தை. அவன் உருவமும் கிழியில் உண்டு. அவனே நேரில் வந்து ஊரின் நகைப்பைத் தாங்குகிறான். பனைமடலின் கருக்கு அவன் உடம்பையே அறுக்கும். இன்று டெலிகிராம் குழுவில் படத்தை இடுபவனுக்கு முகமில்லை, பெயருமில்லை. தன் நாணத்தைப் பத்திரமாகப் பூட்டிவைத்துவிட்டுப் பிறர் நாணத்தை மட்டும் தெருவில் எறிகிறான். மடலில் குறை பல உண்டு எனினும், அதனை ஏறியவனுக்கு இருந்த குறைந்தபட்ச நேர்மையும் இவனிடம் இல்லை.

மரபு தன்னைத் தானே கேள்வி கேட்ட இடமும் உண்டு. பெண்டிர் மடலேறுதல் இல்லை என்பது தொல்காப்பியம் கூறும் நெறி. திருமங்கையாழ்வார் தம் சிறிய திருமடலிலும் பெரிய திருமடலிலும் நாயகி நிலையில் நின்று, அந்நெறியை மீறி மடலேறுவேன் என்கிறார். அச்சுறுத்தப்படுவோன் இறைவன். வலியவனை நோக்கி எளியவள் உயர்த்தும் குரலாக மடல் அங்கே உருமாறுகிறது. அச்சுறுத்தும் சொல் ஒன்றே. யார் யாரை நோக்கிச் சொல்கிறார் என்பதைப் பொறுத்து அதன் அறம் மாறுகிறது.

நாண் என்னும் அளவுகோல்

இனிச் சட்டத்திற்கு வருவோம். இலக்கியம் நாணத்தை வைத்து அளந்தது போலவே, நம்மை ஆண்ட சட்டமும் நெடுங்காலம் நாணத்தை வைத்தே அளந்தது. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி, 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்குத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. சிங்கப்பூரின் இன்றைய சட்டம் அதன் வழிவந்தது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஒரே எண்ணுடன் விளங்கிய 509ஆம் பிரிவு, பெண்ணின் நாணத்தை இழிவுபடுத்தும் நோக்குடன் சொல்லப்படும் சொல்லையும் செய்யப்படும் சைகையையும் தண்டித்தது. மறைந்திருந்து படம் எடுத்தவர்களையும் இங்கே நெடுநாள் அப்பிரிவின்கீழேயே வழக்குத் தொடுத்து வந்தனர். அதற்குரிய மிகக் கூடிய சிறைத்தண்டனை 1 ஆண்டு. மற்றொரு வழி, ஆபாசப் பொருளைப் பரப்புவதைத் தடுக்கும் விதிகள்.

இவ்விரு வழிகளிலும் உள்ள குறை வெளிப்படையானது. ஆபாசம் என்று சொல்லும்போது படமே தீயது என்றாகிறது. படத்தில் இருப்பவரும் அத்தீமையில் பங்கு பெற்றவர்போல் தோன்றுகிறார். நாணம் என்று சொல்லும்போது, நாணமுள்ள பெண் யார், இல்லாதவள் யார் என்ற ஆராய்ச்சி புகுந்துவிடுகிறது. 'அவளே அல்லவா படம் எடுக்க விட்டாள்?' என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. ஆண்களுக்கோ 509ஆம் பிரிவில் இடமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையோரம் கைப்பேசியில் ஊரோடு பேசிக்கொண்டிருக்கும் தொழிலாளர் இளைஞர்களைக் காண்கிறோம். முகமறியாதவர் விரித்த காணொளி வலையில் சிக்கி, 'உன் படத்தை உன் குடும்பத்துக்கு அனுப்புவேன்' என்ற மிரட்டலுக்கு ஆளாவோருள் ஆண்களும் உண்டு. அவர்களைப் பழைய அளவுகோல் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

இசைவு என்னும் அளவுகோல்

2019ஆம் ஆண்டு இந்நாட்டில் ஒரு திருப்பம். தேசியப் பல்கலைக்கழக விடுதியில் குளித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவரை, 2018 நவம்பரில், சக மாணவன் மறைந்து படம்பிடித்தான். காவல்துறை அவனுக்கு 12 மாத நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை விடுத்தது. பல்கலைக்கழகம் ஒரு பருவத்திற்கு இடைநீக்கம் செய்தது. இவை போதா என்று அம்மாணவி 2019 ஏப்ரலில் வெளிப்படையாகப் பேசியபோது நாடே அதைப் பற்றி வாதிட்டது. தம் முகத்தை மறைத்துக்கொள்ளாமல் அவர் பேசினார் என்பது குறிக்கத்தக்கது. நாணவேண்டியவர் யார் என்ற வினாவுக்கு அவர் அளித்த விடை அது. அவ்வாண்டு பிப்ரவரியில் நாடாளுமன்றத்திற்கு வந்திருந்த குற்றவியல் சட்டச் சீர்திருத்த மசோதா மே 6 அன்று நிறைவேறியது. அதே ஆண்டு அக்டோபரில், பல்லாயிரம் பேர் உறுப்பினராயிருந்த டெலிகிராம் குழு ஒன்றில் ஆபாசப் படங்கள் பரப்பப்பட்டது தொடர்பாகக் கைது நடவடிக்கைகள் நடந்தன. பெண்கள் பலருடைய படங்கள் அவர்கள் அறியாமலே அக்குழுவில் உலவின.

புதிய பிரிவுகள் 509ஆம் பிரிவை நீக்கின; இருபாலரையும் காக்கும் பிரிவுகள் அதனிடத்தில் வந்தன. அந்தரங்கப் படத்தைப் பொறுத்தவரை சட்டம் கேட்கும் முதல் வினா இப்போது ஒன்றே: இப்படத்தைப் பரப்ப அவர் இசைந்தாரா? எடுக்க இசைந்தாரா என்பது வேறு வினா. காதலனுக்கு விரும்பி அனுப்பிய படமாயினும், அவனுக்கு அனுப்பியது ஊருக்கு அனுப்பியதாகாது. பரப்புவதால் அவருக்கு இழிவோ அச்சமோ மனவேதனையோ நேரும் என்று பரப்புவோன் அறிந்திருந்தால், அல்லது அறிய நியாயம் இருந்தால், அவன் குற்றவாளி.

மூன்று கூறுகள் நம் மாணவரும் பெற்றோரும் கட்டாயம் அறியவேண்டியவை. முதலாவது, மிரட்டலும் பரப்புதலும் ஒரே பிரிவில், ஒரே தண்டனைக்கு உரியன. தொல்காப்பியர் காலத்தில் ஏறுவேன் என்பதற்கும் ஏறியதற்கும் இடையே இருந்த கோட்டைச் சட்டம் இங்கே அழித்துவிட்டது. அஃது ஏன் சரி எனின், மிரட்டல் சொல்லப்பட்ட நொடியிலிருந்தே பாதிக்கப்பட்டவரின் உறக்கமும் உணவும் கெடுகின்றன. திறை அப்போதே வசூலாகத் தொடங்குகிறது. இரண்டாவது, திருத்தி அமைத்த போலிப் படமும், பார்ப்போர் உண்மையென நம்பத்தக்கதாயின், அந்தரங்கப் படமாகவே கொள்ளப்படும். 2024 நவம்பரில் இங்குள்ள பள்ளி ஒன்றின் மாணவர்கள், தம்முடன் பயிலும் மாணவியரின் முகங்களைக் கொண்டு செயற்கை நுண்ணறிவுக் கருவியால் நிர்வாணப் படங்கள் செய்ததாக வந்த செய்தி நம் துறையினர் அனைவரையும் உலுக்கியது. எடுக்கப்படாத படமும் ஒருவரைத் தெருவில் நிறுத்தக்கூடும் என்ற நிலை வந்துவிட்டது. மூன்றாவது, பாதிக்கப்பட்டவர் 14 வயதுக்குட்பட்டவராயின் சிறைத்தண்டனை கட்டாயம்.

தண்டனை ஒருபுறமிருக்க, காப்பும் வேண்டும். 2014இல் இயற்றப்பட்ட தொல்லைக்கெதிரான பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் பாதுகாப்பு ஆணை கோரலாம். அவ்வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றம் 2021 ஜூன் 1 அன்று தொடங்கியது. 2025 நவம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையப் பாதுகாப்புச் சட்டம், அந்தரங்கப் படக் கொடுமை போன்ற தீங்குகளில் தளங்களுக்கு நீக்க உத்தரவிடவல்ல ஓர் ஆணையத்திற்கு வழிசெய்தது. தேக்காவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய வாட்டர்லூ சாலையில், சிங்கப்பூர் மாதர் அமைப்புகள் மன்றத்தின் இல்லத்தில், இணையத் தீங்குக்கு ஆளானோர்க்கான உதவி நிலையம் 2023 ஜனவரியில் திறக்கப்பட்டது. சட்ட ஆலோசனைக்கும் மனநல உதவிக்கும் அங்கே வழியுண்டு. மிரட்டலுக்கு ஆளானவர் பணம் கொடுத்தலும் வேண்டா, பதற்றத்தில் செய்திகளை அழித்தலும் வேண்டா, அவையே சான்றுகள். அவற்றோடு காவல் நிலையத்தை அணுகுவதே முறை. இதனை நம் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நன்று.

அலரும் பகிர்வும்

ஒருவன் பரப்பினான், அவனைச் சட்டம் பிடித்தது என்பதோடு செய்தி முடிவதில்லை. அவன் இட்ட படத்தைக் கண்டு அடுத்தவருக்கு அனுப்பியவர் எத்தனை பேர்? பழந்தமிழில் இதற்கு ஒரு சொல் உண்டு: அலர். மொட்டாக இருந்த செய்தி ஊரார் வாயில் மலராக விரிவதால் அலர் எனப்பட்டது. மடலுக்கு அடுத்த அதிகாரத்தையே வள்ளுவர் அலர் அறிவுறுத்தலுக்கு ஒதுக்கினார். இலக்கியத்தில் அலர் காதலை வளர்க்கும் எருவாகவும் பயன்பட்டது. ஆனால் அங்கே அலர் தூற்றிய பெண்டிருக்குப் பெயரில்லை. 'ஊர்' என்ற ஒரு சொல்லுக்குள் அனைவரும் மறைந்துகொண்டனர்.

இன்றைய சட்டம் 'ஊர்' என்ற அந்தப் போர்வையை விலக்குகிறது. 'எனக்கு வந்தது, நான் அனுப்பினேன்' என்பது காப்பாகாது. படத்தை மீண்டும் அனுப்புவோன் ஒவ்வொருவனும் தனித்தனியே பரப்பியவன் ஆவான். இசைவின்றிப் பரப்பப்பட்டது என்று அறிந்தும் தன்னிடம் வைத்திருப்பதுகூட 377பிடி பிரிவின்படி 2 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றமாகலாம். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில், 'பாருங்கள், இந்தக் காலத்துப் பெண்களை' என்ற அறிவுரையோடு படம் அனுப்பும் பெரியவரும் இக்கணக்கில் தப்பார். அறிவுரை சொல்லும் நோக்கம் அவருக்கு இருக்கலாம். படத்தில் இருப்பவருக்கு நேரும் கேடு அதனால் குறைவதில்லை.

சேலமும் பொள்ளாச்சியும்

சட்டம் இருந்தும் சொல் மாறாவிடில் என்னாகும் என்பதைத் தமிழகத்தின் இரு நிகழ்ச்சிகள் காட்டும். 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த 21 வயதுப் பட்டதாரிப் பெண் ஒருவரின் முகத்தை ஒட்டித் திருத்திய ஆபாசப் படங்கள் முகநூலில் வெளியாயின. குடும்பத்தார் காவல்துறையில் முறையிட்டும் உரிய காலத்தில் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. அப்பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 முதல் உண்டு. அனுமதியின்றி அந்தரங்க உறுப்புகளின் படத்தை எடுப்பதையும் வெளியிடுவதையும் தண்டிக்கும் 66இ பிரிவு 2008ஆம் ஆண்டின் திருத்தத்தால் வந்தது. சட்டம் தாளில் இருந்தது. தம்மைத் தம் வீட்டாரே நம்பவில்லையே என்ற வேதனையை அப்பெண் எழுதி வைத்திருந்ததாக அந்நாளைய செய்திகள் கூறின. படம் போலி, அது தந்த பழி மட்டும் மெய்யாயிற்று.

பொள்ளாச்சியில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. 2019 பிப்ரவரியில் வெளிவந்த அவ்வழக்கில், பெண்களை நம்பவைத்து அழைத்துச் சென்று வன்கொடுமை செய்து, அதைப் படம்பிடித்து, அப்படத்தைக் காட்டியே மீண்டும் மீண்டும் மிரட்டியுள்ளனர். கிழியைக் காட்டித் திறை பெறும் செயலின் முழுக் கொடுமையும் அங்கே வெளிப்பட்டது. புகார் கொடுக்க முன்வந்த பெண்ணின் பெயரைக் காவல்துறை உயர் அதிகாரியே செய்தியாளரிடம் வெளியிட்டார். அரசாணையிலும் அப்பெயர் இடம்பெற்றது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடலாகாது என்று சட்டம் கூறியும் அது நிகழ்ந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் கோவை மகளிர் நீதிமன்றம் 2025 மே 13 அன்று சாகும்வரை சிறைத்தண்டனை விதித்தது. ஆறு ஆண்டுகள், பெயர் வெளிப்பட்ட அச்சத்தையும் தாங்கி, தம் சொல்லில் உறுதியாக நின்ற பெண்களாலேயே அத்தீர்ப்பு கிடைத்தது.

இந்தியச் சட்டத்திலும் இசைவு இடம்பெற்றுவிட்டது. 2013இல் சேர்க்கப்பட்ட 354சி பிரிவின் விளக்கம், படம் எடுக்க இசைந்த பெண் அதைப் பரப்ப இசையாவிடில் பரப்புதல் குற்றமே என்று தெளிவாகக் கூறியது. 2024 ஜூலை 1 முதல் புதிய நியாயச் சட்டத்தின் 77ஆம் பிரிவாக அது தொடர்கிறது. ஆக, சிங்கப்பூரிலும் தமிழகத்திலும் சட்டம் நாணத்தை விட்டு இசைவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வந்து சேராதது நம் மொழி.

நம் எழுத்தின் கடமை

நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள். 'மாணவியின் ஆபாசப் படம்' என்று எழுதுகிறோம். ஆபாசம் மாணவியிடமா, பரப்பியவனிடமா? 'படம் கசிந்தது' என்கிறோம். ஓட்டைப் பானையில் நீர் கசியும். படம் கசியாது, ஒருவன் கை அதை அனுப்புகிறது. 'மானம் போயிற்று' என்கிறோம். ஒருவர் செய்த குற்றத்தால் இன்னொருவர் மானம் எப்படிப் போகும்? வீடு புகுந்து திருடியவனை விட்டுவிட்டு, திருட்டுக் கொடுத்தவரைக் கள்வர் என்பாரும் உண்டோ? இச்சொற்கள் 509ஆம் பிரிவின் காலத்துச் சொற்கள். அப்பிரிவு சட்டப்புத்தகத்தை விட்டுப் போய்விட்டது. நம் செய்தியிலும் சிறுகதையிலும் நாடகத்திலும் அது இன்னும் வாழ்கிறது.

கதைகளில் இது மேலும் ஆழமாகப் பதிந்துள்ளது. படம் வெளியான பெண்ணுக்கு நம் கதாசிரியர் பலர் வைக்கும் முடிவு இரண்டே: ஒன்று அவள் இறக்க வேண்டும்; அல்லது தீங்கு செய்தவனையே மணக்க வேண்டும். முதலாவது சேலத்தில் உண்மையாகவே நிகழ்ந்தது. இரண்டாவது மடல் மரபின் எச்சம். காவல் நிலையத்திற்குச் சென்று, சாட்சி சொல்லி, மறுவாரம் வழக்கம்போல் வேலைக்குப் போகும் பெண்ணை நம் கதைகளில் காண்பது அரிது. அவ்வாறு எழுதினால் கதையில் உருக்கம் இராது என்பாரும் உளர். உருக்கம் வேண்டி ஒரு பெண்ணைக் கொல்வது எளிது. அவள் வாழ்வதை நம்பத்தக்கதாக எழுதுவதற்கே கலைத்திறன் வேண்டும்.

பழைய பாடல்களைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று சிலர் கூறலாம். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. நெய்தற்கலியின் திறை உவமையும் திருக்கோவையார்த் தோழியின் மறுப்பும் நம்மிடம் இருக்கும்போது, இப்பொருளைக் கற்பிக்க வேறு மொழியின் நூலைத் தேடிப் போக வேண்டியதில்லை. இலக்கிய வழக்கை இலக்கிய வழக்காகவே காட்டி, நாடகப் பாங்கை விளக்கி, அதன்பின் மாணவரைக் கேட்கலாம்: இப்பாட்டில் பேசாதவர் யார்? பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கிழியைக் கண்ட ஊரார் என்ன செய்திருக்கலாம்? பதினாறு வயது மாணவன் ஒருவன் தன் கைப்பேசிக்கு வந்த படத்தை அடுத்தவனுக்கு அனுப்பும் முன் ஒரு நொடி தயங்குவானாயின், சட்டப்பிரிவின் எண் நினைவுக்கு வந்து தயங்குவதைவிட, அப்படத்தில் இருப்பவரும் பேசக்கூடியவர் என்பது நினைவுக்கு வந்து தயங்குவதே மேலானது.

நம் எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்பொருளில் கதையோ கட்டுரையோ செய்தியோ எழுதும்போது, வாக்கியத்தின் எழுவாயாகக் குற்றம் செய்தவனை வையுங்கள். 'அவள் படம் வெளியானது' என்பதை அடித்துவிட்டு, 'அவன் அவள் இசைவின்றிப் படத்தைப் பரப்பினான்' என்று எழுதுங்கள். இலக்கணப் பயிற்சியில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று நாம் கற்பித்த வேறுபாட்டுக்கு இதைவிடப் பெரிய பயன் வேறில்லை.